நல்ல தண்ணியில் வைத்த நுரை

போன வாரம் பரமக்குடியில் முடிவெட்டிச் சவரமும் செய்துகொள்ளப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவைக் குலுக்கி அமுக்கினார். புஸ்ஸென்று உள்ளங்கை நிறைய நுரை. எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவுதானா? நான் ஒழுங்காக நுரை வைக்கப் பழகவே ஒரு வருஷம் பிடித்ததே! அவரிடம் சொன்னால் சிரிப்பார். உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் என் காதில் விழப்போவதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாம்பனில் ஒரு கருவாட்டுக் கம்பெனியில் கிளார்க். கொழும்புக்குக் கப்பலேறும் சிப்பங்களுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. நெல்லும் கண்மாயுமாக ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் வளர்ந்தவன் நான். முதல் மாசம் கருவாட்டு வாடை தாங்காமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டு எழுதினேன். இரண்டாம் மாசம் அது எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த வாடையை அமுக்கத்தான் வாசனைச் சவர சோப்பு ஒன்று வாங்கினேன். தகரக் கிண்ணத்தில் வட்ட வில்லை. அதை வைத்து ஆணி அடிக்கலாம், அப்படி ஒரு கெட்டி.

பாம்பன் கிணற்றுத் தண்ணி உப்பு. அதில் பிரஷ்ஷை முக்கித் தேய்த்தால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகக் கிண்ணத்தில் ஒட்டும். நல்ல தண்ணி தங்கச்சிமடத்திலிருந்து மாட்டுவண்டியில் வரும். அறைக்கு ஒரு குடம், குடிக்கவும் சோறாக்கவும். அதில் தினம் அரை டம்ளர் நான் நுரைக்கு எடுத்துக்கொள்வேன். அறையில் கூட இருந்த சாத்தையா அண்ணன் முறைப்பார். நான்தான் ஒரு வாய் குறைச்சுக் குடிக்கிறேனே என்று வாதாடுவேன்.

பக்குவம் இதுதான். முதல் நாளே வில்லையின் மேல் ஒரு கரண்டி நல்ல தண்ணி விட்டுவைக்க வேண்டும். காலையில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிடக் கூடாது. பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, வில்லையில் நிதானமாகச் சுற்ற வேண்டும். முதலில் பசையாகத்தான் வரும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணி. அவசரப்பட்டுக் கூட ஊற்றினீர்களோ போச்சு, வெறும் குமிழிதான். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்க வேண்டும், அதுதான் நுரை. உலகத்தில் வேறு எதிலும் எனக்கு அந்த அளவுக்குப் பொறுமை இருந்ததில்லை.

சாத்தையா அண்ணனும் எங்கள் பக்கத்து ஆள்தான், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்த வருஷம் அவர் முகத்தில் சோப்பே படவில்லை. ஊரில் அவர் சம்சாரம், எனக்கு மதினி, முழுகாமல் இருந்தார். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் பிள்ளையின்போது ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அண்ணன் வழித்துக்கொண்டாராம். அந்தப் பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. அதனால் இந்தத் தடவை ஏழு மாசத்துத் தாடி. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

இந்த நேரம் பார்த்துக் கொழும்பு வியாபாரி ஒருவர் கம்பெனியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, வழித்துவிட்டு வா, இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் நேரே அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியில் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார். வேலை கிடந்தால் கிடக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்றார்.

அப்படியே போகவிட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. பொதுக்கூட்டங்களில் பேச்சுக் கேட்டுக் கேட்டு, எனக்குப் பகுத்தறிவு தலைக்கு மேல் ஏறியிருந்த காலம். பிள்ளை வயிற்றில் வளர்கிறது, தாடி மூஞ்சியில் வளர்கிறது, ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பிள்ளை பிறக்கிற நேரத்தில் எவனாவது வேலையை விடுவானா என்றேன். சாயங்காலம் முழுக்கப் பேசினேன். அண்ணன் பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

காலையில் கத்தரியால் தாடியைக் குறைத்துவிட்டு நுரை வைத்தேன். அப்படி ஒரு நுரை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. அண்ணன் ரேசரைத் தொடாததால் அதையும் நானே பிடித்தேன். முதல் இழுப்புக்கு முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் சொல்றேன்ல."

என்னத்தைக் கண்டேன் என்று சொன்னேனோ.

வியாபாரி வந்தார். கருவாட்டை முகர்ந்து பார்த்தார், சிப்பத்தைத் தட்டிப் பார்த்தார், போனார். எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் தந்தி வந்தது, உடனே புறப்படச் சொல்லி. அண்ணனைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். ராமநாதபுரம் வரை ரயில், அப்புறம் பஸ். வழி நெடுக அவர் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். நாங்கள் போய்ச் சேருமுன் புதைத்துவிட்டிருந்தார்கள். ஆண் பிள்ளை.

மதினி பாயில் கிடந்தார். அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு சொல்லி?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"நானாத்தேன் செரைச்சேன்" என்றார் அண்ணன்.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பாம்பன் அறையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசிய அதே வாய்தான்.

அப்புறம் அவர்களுக்கு இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு தடவையும் அண்ணன் தாடி வளர்த்தார், இரண்டும் நல்லபடியாக வளர்ந்து இப்போது திருப்பூரில் இருக்கின்றன. தாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதை வெளியில் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

அண்ணன் செத்த மறு வருஷம், எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று மதினியைப் பார்க்கப் போனேன். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "மதினி, அன்னைக்கு அண்ணன் சொன்னது..." என்று இழுத்தேன். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவுகளா செரைச்சா நாலு எடத்துல வெட்டு இருக்கும் தம்பி. அன்னைக்கு ஒரு கீறல் இல்ல. நல்லா நொரை வச்சு, பதனமா யாரோ செரைச்சுவிட்டிருக்காகன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கூட வந்தது நீங்கதான?"

நாற்பது வருஷம். எத்தனை பொங்கலுக்கு அந்த வீட்டில் சாப்பிட்டிருப்பேன். தெரிந்துகொண்டேதான் இலை போட்டிருக்கிறார், தெரிந்துகொண்டேதான் இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அடுத்த தடவை கேட்போம் என்று வந்துவிட்டேன். அப்புறம் போன தடவைகளிலும் அப்படித்தான்.

பாம்பனில் அந்தக் கம்பெனி இல்லை, தண்ணி வண்டி இல்லை. போன மாசியில் மதினியும் போய்விட்டார். துட்டிக்குப் போயிருந்தேன். காரியம் முடிந்ததும் பெண்பிள்ளைகள் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினார்கள். மன்னிச்சிருங்க மதினி என்று பூட்டுக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். அவ்வளவு லேசாக வந்தது.