கூறைச் சேலையின் மறுமுனை

அன்று உச்சி வெயிலில் வெண்ணந்தூர் நெசவுக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் நின்றார். "பாவாயக்கா போயிட்டாங்கம்மா. எங்க ஊட்டுத் தறிக்கிட்ட உக்காந்து பேசிட்டே இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க" என்றவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வேறொரு நினைப்பு. உறவில்லை, சாதியில்லை. இந்த வெயிலில் இத்தனை தூரம் அழுதுகொண்டே வந்திருக்கிறாரே, என் சாவுக்கு இப்படி யார் வருவார்? வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை என்னுடையது. உள்ளதை உள்ளபடிதான் எழுதும்.

பாவாயி அம்மையார் என் கணவரின் அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். வீட்டின் தலைச்சன் பிள்ளையாக, ஆண் என்று பெயர் வைத்து வளர்க்கப்பட்டவர். விவரம் தெரிந்த வயதில் சேலை கட்டிக்கொண்டார். மாமனார் அடித்துத் துரத்தினார். மாமியார் ஜேடர்பாளையம் ஆற்றங்கரை வரை பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாராம். ஏனென்று கேட்டவர்களிடம், "பொட்டப்புள்ள வேணும்னு வேண்டியிருந்தனுங்க. சாமி கொஞ்சம் தாமசமாக் குடுத்துது" என்பார். ஊரார் நங்கையாவுக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். அது இந்தக் கட்டுரையில் வராது.

அவரை நான் முதலில் அறிந்தது என் கல்யாணத்தன்று. எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச் சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவருடன் பிறந்தவளும் பிடித்து நிற்பார்கள். அதன் பிறகுதான் சேலை பெண்ணிடம் வரும். பங்காளிப் பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்தார்.

"பெரியப்பன் மவ இருக்கறாளே, அவ நிக்கட்டும். சபையில நாலு பேர் சிரிக்கறாப்பல பண்ணாதீங்க."

என் கணவர் எழுந்துவிட்டார். "எங்கக்கா நிக்கலீன்னா நானும் நிக்கலீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க மன்னிக்கோணும்."

அடுத்த அறையில் அந்தச் சேலைக்காகக் காத்திருந்த என் காதில் இது விழுந்தது. என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காதவர், அக்காவுக்காக என்னை விட்டுவிட்டுப் போகத் துணிந்துவிட்டார்! அப்போது ஒரு கனத்த குரல் கேட்டது, நங்கையாவுடையது. "ஏப்பா, அந்தப் புள்ள காலைல இருந்து பட்டினியா உக்காந்திருக்குது. சண்டைய சாப்பாட்டுக்குப் பொறவு வெச்சுக்கலாம். முனையக் குடு." பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் ஒதுங்கினார். நங்கையாவே நின்றார். சேலை என்னிடம் வந்தபோது அதில் அவர் கைச்சூடு இருந்தது. கட்டிய நாளெல்லாம் அது என்னை உறுத்தியது.

ஊர்க் கல்யாணங்களுக்குச் சேலை எடுக்க வெண்ணந்தூருக்குப் போகிறவர் அவர்தான். நான் வாசலைத் தாண்டினால் கோவில். அவர் தாண்டினால் உலகம். திரும்பி வந்ததும் கால்கூடக் கழுவாமல் தம்பியைப் பிடித்துக்கொள்வார்.

"அங்க பொம்பளைங்க முன்னால உக்காந்து நூலுக்கு வெல பேசறாங்கடா. இங்க இவ கதவுக்குப் பின்னால நிக்கறா. நாளைக்கு மாடு புடிக்கறப்ப இவளையும் ஒரு வார்த்தை கேளு."

மறுநாள் கேட்டார். நான் சொன்ன மாட்டைத்தான் வாங்கினார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. நான் எத்தனையோ நாள் சொல்லி அவர் காதில் ஏறாதது, அக்கா ஒரு தரம் சொன்னதும் ஏறிவிட்டதே! பொட்டலக் காகிதத்தை வைத்து எழுத்துக் கூட்டி நானாகவே படிக்கப் பழகினேன். நங்கையா சேலத்திலிருந்து ஒரு பதிகப் புத்தகம் வாங்கி வந்தார், அவ்வளவுதான். "பாவாயி புண்ணியத்துல நீ படிச்சுட்டே" என்றது ஊர்.

ஒருமுறை திருச்செங்கோடு மலைக்கு நாங்கள் இருவரும் ஏறினோம். உடன் வந்த ஓர் அம்மாள் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, "நீங்களும் நம்ம சாமி மாதிரித்தானுங்க, பாதி ஆம்பள, பாதி பொம்பள" என்றார். நங்கையா படியில் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"சாமி பாதிங்க. நான் முழுசுங்க. மூச்சு வாங்குது, வழி உடுங்க."

சந்நிதியில் நான் வேண்டுதல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் தீபத்தையே பார்த்து நின்றார். கேட்க ஒன்றுமில்லாத அந்த முகத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

யுத்த காலத்தில் துணியும் நூலும் சர்க்கார் கண்ட்ரோலுக்கு வந்த பிறகு நூல் கிடைக்காமல் வெண்ணந்தூர்த் தறிகள் நின்றன. சேலை எடுக்கப் போனவர், பிறகு அந்த வீடுகளுக்கு ராகி எடுத்துப் போனார். அப்படிப் போன இடத்தில்தான் உயிர் பிரிந்தது.

பொழுது சாயும்முன் வண்டியில் கொண்டு வந்து கிடத்தினார்கள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுச் சேலை போர்த்த வேண்டும். அதைக் கோடி என்போம். கடையிலும் இல்லை, தறியிலும் இல்லை. அன்று கல்யாணத்தில் தடுத்த அதே பெரியவர், தடியூன்றி வந்து நின்றார்.

"ஊட்டுல புது வேட்டி இருக்குதல்ல, அதையே போத்துங்க. பொறந்தப்ப எதுவோ, அதுவாவே போகட்டும்."

அன்று எழுந்து நின்ற என் கணவர், இன்று அக்காவின் தலைமாட்டை விட்டு எழவில்லை. வேட்டியை எடுக்க ஒருவர் உள்ளே நகர்ந்தார். கணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முந்திக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். என் கடைசி நாளுக்கென்று மடித்து வைத்திருந்த கூறைச் சேலை அதில் இருந்தது.

"சுமங்கலி கூறைய எடுக்கலாமா அம்மிணி?" என்று பெண்கள் பதறினார்கள்.

"இது மொதல்ல அவங்க கையில இருந்ததுதானுங்க" என்றேன். பெரியவரிடம், "பொறந்த ஊட்டுக் கோடிங்க. வழி உடுங்க" என்றேன். விட்டார்.

பெண்கள் நாங்களே மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டி அதை உடுத்தினோம். எனக்கு எப்போதும் தரையில் இழுபடும் சேலை, அந்த உயரத்துக்கு அளவாக அமைந்தது. தூக்கும் நேரத்தில் என் கணவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அவர் விரல்களை நான்தான் பிரித்தேன். எனக்காக அப்படிப் பிடிப்பாரா, தெரியாது.

போய் வாருங்கள், நங்கையா. அந்தச் சேலை உங்களுக்குத்தான் நன்றாக இருந்தது.