கருத்து இல்லாத நாலு சதவீதம்

ஓர்லின் ஹாகனுக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்று உண்டு என்று நோர்பெக் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மின்னசோட்டாவில் சோளக்காட்டுக்கு நடுவே கிடக்கிற இந்த ஊரைச் சுற்றிப் பல காலம் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் பாலை ஏற்றிக்கொள்வார், பதிலுக்கு ஆளுக்கொரு கருத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். அவர் எந்தக் கட்சி என்று மாடுகளுக்கே தெரியும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். தேவாலயத்துக்குப் புதுக் கம்பளம் வாங்கியபோது சிவப்பா நீலமா என்று ஒரு சண்டை வந்தது. சிவப்புக்காக இவர் எழுந்து பேசிய பேச்சில் சில குடும்பங்கள் பக்கத்து ஊர் தேவாலயத்துக்கே போய்விட்டன. "போனா போகட்டும், கலர் தெரியாதவங்க" என்றார் ஓர்லின். அதுவும் ஒரு கருத்துதான்.

லாரியை விட்டு இறங்கிய பிறகு அவருடைய அலுவலகம் பெவர்லியின் காபிக் கடையில் ஜன்னலோர மேஜை. கூட இரண்டு பேர். ஒருவர் விதை வியாபாரம் செய்கிற லைல். இன்னொருவர் பன்றிப் பண்ணை வைத்திருக்கிற மெர்வின். மெர்வின் எதிர்க்கட்சி. காலையில் மூன்று பேரும் தோல் குவளையில் பகடையைப் போட்டுக் குலுக்குவார்கள். தோற்றவர் மற்றவர்களுக்குக் காபி வாங்கித் தரவேண்டும். அதன்பிறகு நாட்டைச் சீர்திருத்துவது ஆரம்பமாகும். மரண தண்டனை, துப்பாக்கி, கருக்கலைப்பு, கஞ்சா, யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்பது, எல்லாவற்றுக்கும் இரண்டாவது காபி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். உச்ச நீதிமன்றம் ஒன்று தலைநகரில் வேறு எதற்கு இருக்கிறது என்றே தெரியாது.

ஓர்லினுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். நாளிதழில் கருத்துக்கணிப்பு வரும். அமெரிக்கர்களில் இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு என்று போட்டிருக்கும். அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"யாரைக் கேட்டாங்க? ஒன்னைக் கேட்டாங்களா லைல்? என்னைக் கேட்டாங்களா?"

"ஒன்னைக் கேட்டா அவங்களுக்கு வேற யாரையும் கேக்க நேரம் இருக்காதுய்யா" என்பார் மெர்வின்.

"அதை விடு. கடைசில பாரு, 'கருத்து இல்லை, நாலு சதவீதம்'. யாருய்யா இந்த நாலு சதவீதம்? ஒரு மனுசனுக்குக் கருத்து இல்லாம எப்படிய்யா இருக்கும்? மூச்சு இருக்கான்னு யாராவது பாத்தாங்களா?"

ஊரில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் யாரும் எடுப்பதில்லை. ஓர்லின் மட்டும் முதல் மணியிலேயே எடுப்பார், கருத்துக்கணிப்பாக இருக்கக்கூடாதா என்ற ஆசையில். ஒருமுறை காது மெஷின் விற்கக் கூப்பிட்ட ஒரு பையன் இறக்குமதி வரியைப் பற்றி இவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனை வைத்தானாம்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் கருத்தே சொல்வதில்லை. அது அவருடைய மகள் காரி.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நன்றிகூறல் பண்டிகை விருந்தில் வறுத்த வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தபோது, பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்வதைப் பற்றி வழக்கம்போல ஒரு பிரசங்கம் செய்தார். காரி முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "அப்பா, நீ என்னைப் பத்திதான் பேசிட்டிருக்க" என்றாள். ஓர்லின் கையில் கத்தி அப்படியே நின்றது. அவருக்கு வார்த்தை வராமல் போனதை ஆர்டிஸ், அவர் மனைவி, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் கத்துவதில்லை. விருந்து முடிந்து பூசணி இனிப்பும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் போனில் வானிலை பேசுகிறார்கள். அவள் இருக்கிற டுலூத்தில் பனி எவ்வளவு, காருக்கு எண்ணெய் மாற்றினாயா, அவ்வளவுதான். காரியை அவருக்கு உயிர். ஆனால் அதை எண்ணெய் மாற்றினாயா என்று கேட்டுத்தான் சொல்லத் தெரியும்.

போன மே மாதம் காரி கூப்பிட்டாள். வானிலை முடிந்தது. எண்ணெயும் முடிந்தது. பிறகு, "அப்பா, எனக்கும் டெனீசுக்கும் ஜூன்ல கல்யாணம். ஏரிக்கரையில. வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் பரவாயில்ல" என்றாள்.

மின்னசோட்டாக்காரர்கள் பரவாயில்லை என்று சொன்னால் அது பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அது ஓர்லினுக்குத் தெரியாதா என்ன. "வைக்கோல் அறுப்பு சமயம், பாக்கலாம்" என்றார். அவருக்கு வைக்கோலும் கிடையாது, அறுப்பும் கிடையாது.

ஆர்டிஸ் பேச்சை வளர்க்கவில்லை. "சனிக்கிழமை விடிஞ்சதும் நான் கிளம்பிடுவேன். பின் சீட்ல சாப்பாடு இருக்கும். முன் சீட்டு காலியாத்தான் இருக்கும்" என்றதோடு சரி.

ஓர்லினுக்குப் போக ஆசைதான். ஆனால் அந்த ஜன்னலோர மேஜையில் இத்தனை வருடங்களாகச் சொன்னதை என்ன செய்வது? ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் மெர்வின் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார். வீம்பு பெரிதா பிள்ளை பெரிதா என்று யாராவது கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பார். தனக்குத்தானே கேட்டுக்கொள்ளத்தான் துணிச்சல் வரவில்லை. கல்யாண விஷயத்தை மேஜையில் மூச்சுவிடவும் இல்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், பகடையில் தோற்று எல்லோருக்கும் காபி வாங்கித் தரவேண்டிய கடுப்பில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தார். ஒரு இளம் பெண் குரல், பொதுமக்கள் கருத்தறியும் ஆய்வுக்காகக் கூப்பிடுவதாகச் சொன்னது.

ஓர்லின் எழுந்தே நின்றுவிட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "வந்துட்டாங்க!" என்றார். எழுபத்திரண்டு வயது மனிதர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கடை முழுக்கக் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டு, போனைச் சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தார். பெவர்லி கெட்டிலோடு வந்து நின்றாள்.

"கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனை விதிப்பதை நீங்கள் மிகவும் ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, ஓரளவு எதிர்க்கிறீர்களா, மிகவும் எதிர்க்கிறீர்களா?"

"மிகவும்! மிகவும் ஆதரிக்கிறேன்! ஏன்னு சொல்றேன் கேளும்மா..."

"காரணம் தேவையில்லை சார். அடுத்த கேள்வி."

துப்பாக்கிக்கும் மிகவும். கஞ்சாவுக்கும் மிகவும், ஆனால் எதிர்ப்பு. ஒவ்வொரு 'மிகவும்' வரும்போதும் மெர்வின் தலையில் அடித்துக்கொண்டார். ஓர்லின் மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதை நீங்கள் மிகவும் ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, ஓரளவு எதிர்க்கிறீர்களா, மிகவும் எதிர்க்கிறீர்களா?"

ஓர்லின் வாயைத் திறந்தார். பகடைக் குவளையை எடுத்து, திரும்ப வைத்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. அந்தக் கேள்விய இன்னொரு தடவை சொல்லு."

அவள் ஒரு எழுத்து மாறாமல் திரும்பப் படித்தாள். ஓர்லின் லைலைப் பார்த்தார். லைல் காபியைப் பார்த்தார். மெர்வினை இவர் பார்க்கவே இல்லை.

"இதுல இந்த நாலுதான் இருக்காம்மா? வேற எதுவும் இல்லியா?"

"நான் எழுதியிருக்கறதத்தான் படிக்கணும் சார். விளக்கம் சொல்லக்கூடாது."

"பொதுவா கேக்குறியா, இல்ல ஒரு ஆளப் பத்தி கேக்குறியா?"

"விளக்கம் சொல்லக்கூடாது சார்."

ஓர்லின் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். ஒலிபெருக்கியை நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்மா" என்றார். "அவ கட்டிக்கப் போறதும் ஒரு பொண்ணுதான். டெனீஸ்னு பேரு. பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லித் தர்றாளாம். நான் இன்னும் அவளப் பாத்தது இல்ல."

"வாழ்த்துகள் சார்" என்றாள் அந்தப் பெண். அது எழுதிக்கொடுத்த வரியாக இருந்திருக்காது. "நான் எதைக் குறிச்சுக்கட்டும்?"

"எதையும் குறிக்காதே."

"அப்படின்னா 'கருத்து இல்லை'ன்னுதான் சார் போடணும்."

"போட்டுக்கோம்மா."

போன் அணைந்தது. ஓர்லின் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன. இனி மெர்வின் ஆரம்பிப்பார், இந்த மேஜைக்குத் திரும்ப வரவே முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் பேசியது லைல்தான். "ஒரு வாரமா என் வீட்டு ஃப்ரீசர் முழுக்கப் பன்றிக்கறி வச்ச ஹாம் பன்னுய்யா. ஆர்டிசுக்கு ஒத்தாசையா என் வீட்டுக்காரி செஞ்சு அடுக்கி வச்சிருக்கா. ஐஸ்கிரீம் வைக்க எடமில்ல. யாரு கல்யாணத்துக்குன்னு நான் கேக்கல, நீ சொல்லல."

"ஒனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்" என்றாள் பெவர்லி.

ஓர்லின் மெல்ல மெர்வின் பக்கம் திரும்பினார். மெர்வின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வழில ஹிங்க்லிகிட்ட ரோடு வேலை நடக்குது" என்றார். "ஆர்டிஸ் பாவம், தனியா ஓட்டிட்டுப் போனா சுத்தி விட்டுருவாங்க. கூட ஒரு ஆளு வேணும். லாரி ஓட்டுன ஆளா இருந்தா நல்லது."

தோற்றது ஓர்லின் என்றாலும் அன்றைக்குக் காபிக்குக் காசு கொடுத்தது மெர்வின்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் நல்ல காற்று. காரி வெள்ளைச் சட்டையில், காற்றில் ஆடுகிற கூடாரத்துக்குக் கீழே நின்றிருந்தாள். பன் தட்டோடு காரிலிருந்து அப்பா இறங்குவதைப் பார்த்தவள் அசையவில்லை. ஓர்லின் நேராக அவளிடம் போனார். வழி நெடுக ஆர்டிஸ் சொல்லிக்கொடுத்த வாக்கியம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அண்ணாந்து கூடாரத்தைப் பார்த்தார்.

"யாரு இந்தக் கூடாரத்த அடிச்சது? காத்து அடிக்கிற பக்கமா வாசல வப்பாங்களா? முளைய இவ்வளவு நேராவா அடிப்பாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?"

காரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இத்தனை வருடங்களில் அப்பா அவளிடம் சொன்ன முதல் கருத்து அது. பக்கத்தில் நின்ற டெனீஸ் ஒன்றும் புரியாமல் சுத்தியலைத் தேடிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். ஓர்லினுக்கு மருமகளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று.

இலையுதிர் காலத்தில் அந்தக் கருத்துக்கணிப்பு நாளிதழில் வந்தது. லைல் மேஜையில் சத்தமாகப் படித்தார். ஆதரவு இவ்வளவு, எதிர்ப்பு இவ்வளவு. கடைசி வரி வந்ததும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டார்.

"கருத்து இல்லை, நாலு சதவீதம்."

மெர்வின் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். மாதக்கணக்கில் காத்திருந்த ஆள். "யாருய்யா இந்த நாலு சதவீதம்? மூச்சு இருக்கான்னு யாராவது பாத்தாங்களா?"

ஓர்லின் பகடையைக் குவளையில் போட்டு, நிதானமாகக் குலுக்கி, மேஜையில் கவிழ்த்தார்.

"அவங்க வீட்ல கல்யாண வேலை இருந்திருக்கும்" என்றார்.