கூட்டம் குறைந்த கதவு

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு சாணார்பட்டிப் பக்கத்து எங்கள் ஊரில் இருந்தேன். வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று, டாக்டர் பட்டம் படிக்க ஆள் எடுப்பதற்காகத் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணல் வைத்தது. பொருளாதாரம், பொது நிர்வாகம் என்று இரண்டு துறைகள். ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும்.

அந்த வருடம் எங்கள் சின்ன வெங்காயம் விலை போகாமல் நொடித்துப் போயிருந்தோம். அப்பா முன்பே சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவதேன் தாயி. கெடைக்கலேன்னா மாமன் வீட்டோட தட்டு மாத்திருவோம்." அவர் மேல் கோபமில்லை. அவ்வளவு தூரம் படிக்க வைத்ததே ஊரில் பேச்சாகியிருந்தது.

எனக்கு உயிர் பொருளாதாரம்தான். ஆனால் அதற்குத் தங்கப் பதக்கக்காரர்கள் எல்லாம் முட்டி மோதுவார்கள், பொது நிர்வாகம் புதிது, யாரும் சீந்த மாட்டார்கள் என்று தோழிகள் சொன்னார்கள். பெரிய கெட்டிக்காரி போல பொது நிர்வாகத்துக்கு விண்ணப்பித்தேன்.

போய்ப் பார்த்தால் பொது நிர்வாக அறை வாசலில் சந்தைக் கூட்டம்! பொருளாதார அறை வாசலில் நாலைந்து பேர் காற்றாட உட்கார்ந்திருந்தார்கள். நான் போட்ட கணக்கைத்தான் எல்லோரும் போட்டிருக்கிறார்கள். வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவும் கூட்டத்தைப் பார்த்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் முறை வந்தது. தேர்வுக் குழுத் தலைவராக நடுவில் இருந்த பெரியவர், "ஏம்மா இந்தத் துறைக்கு வந்தே?" என்றார். மனப்பாடம் செய்த பதில் மறந்தே போனது.

"கூட்டம் கொறச்சலா இருக்கும்னு வந்தேங்கய்யா. எங்க ஊர்லயும் இதே கததேன். போன வருசம் வெங்காயம் வெல ஏறுச்சுன்னு இந்த வருசம் அம்புட்டுப் பேரும் வெங்காயம் போட்டாங்க. கேக்க நாதியில்லாம வரப்புல அழுகிக் கெடக்கு. நாங்களும் அப்படித்தேன் வந்து நிக்கிறோம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "இதுதானேம்மா பொருளாதாரம். நீ இங்கே என்ன பண்றே?" என்றவர், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு என்னை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். "இந்தப் பொண்ணு கதவு மாறி உட்கார்ந்துடுச்சு. இவளையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அங்கே துருவித் துருவித்தான் கேட்டார்கள். பிடித்த பாடம், விடவில்லை நானும். சாயங்காலமே முடிவைச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும், காலையில் பார்த்த கூட்டத்தை நினைத்து அப்பா, "என்ன தாயி, இதுவும் வெங்காயக் கததானா?" என்றார்.

"இல்லப்பா, வித்துருச்சு" என்றேன். அவருக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

பின்னாளில் நானும் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் கதவு மாறி வந்தவர்களை முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். சரியான கதவைக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தே இருக்க இன்றுவரை எனக்கு மனம் வந்ததில்லை. எழுந்து கூடவே போகிறேன்.