குப்பைத் தொட்டியையும் எடுங்க

எங்கள் வீட்டுக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்தபோது எனக்குப் பத்து வயது. பழையதைப் போட்டால் உள்ளே யாரோ கச்சான் கடலை வறுப்பதுபோல் சத்தம் கேட்கும். பிறகு அது தானாகவே அணைந்துவிடும். வாப்பா கற்பிட்டியில் கரையோர மீன் வாடிகளுக்கு ஐஸ் கொடுத்துவந்தார். அந்த முறை கடலில் மீன்பாடு நன்றாக இருந்ததால், உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எனக்கு மூத்தவளான ராத்தாவின் நச்சரிப்புக்கு இணங்கிவிட்டார்.

பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தவற்றைப் புதியதற்கு மாற்றித்தரப் புத்தளத்திலிருந்து சாச்சா வந்தார். வாப்பாவின் தம்பியான அவருக்குக் கொம்பியூட்டர் திருத்துவதுதான் தொழில். டொக்டர்மாரின் பாவனையெல்லாம் அவரிடம் உண்டு. பழைய பெட்டியைத் திறந்து, டிஸ்கைக் கழற்றி, தூசியை ஊதி, ஒரு வயரால் புதியதோடு பொருத்தினார். பிறகு உம்மாவைக் கூப்பிட்டார்.

“மச்சி, இதுல கனக்கக் குப்ப கிடக்கு. தேவையானத மட்டும் சொல்லுங்க, எடுத்துப் போடுறன்.”

உம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எல்லாத்தையும் எடுங்க.”

“எல்லாத்தையுமா? ஒரே படம் நாலு தரம் கிடக்கு.”

“நாலையும் எடுங்க.”

சாச்சா சிரித்துக்கொண்டே மாற்றத் தொடங்கினார். அது முடிவதற்குள் அவர் சோறு தின்று, பிளேன்ரீ குடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழும்பிவிட்டார். அதன்பின் உம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மீன்காரனிடம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரையில் எங்கள் ஆட்டுக்குட்டியின் படத்தைக் காணோம். சாச்சா அதைப் போட்டார். மவுஸ் பறக்கிறது என்றார் உம்மா; சாச்சா அதைப் பழையபடி மெதுவாக்கினார். திரையிலுள்ள சின்னப் படங்கள் இருந்த இடம் மாறிவிட்டது என்றார் உம்மா. சாச்சா அவற்றையும் பழைய இடத்துக்கே நகர்த்தினார். உம்மா கடைசியாகத் திரையின் மூலையைக் காட்டினார்.

“இந்தக் குப்பத் தொட்டி ஏன் வெறுமையாக் கிடக்கு? முந்தி நிறஞ்செல்லோ கிடந்த?”

“மச்சி, அது எறிஞ்ச சாமான்!”

“எறிஞ்சது நாங்கதானே. அதையும் எடுங்க.”

அதுவரை கட்டிலில் சாய்ந்திருந்த ராத்தா துள்ளி எழுந்தாள். “வேணாம் சாச்சா! அதுல ஒண்டுமில்ல” என்று கீபோர்டை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். ஒன்றுமில்லாததற்கு இத்தனை பதற்றமா என்று சாச்சாவுக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. அவளை மெல்ல விலக்கிவிட்டு, பழைய டிஸ்கில் மறைந்து கிடந்த கோப்புகளைத் தேடி எடுத்தார். பெயர்களெல்லாம் எழுத்தும் எண்ணுமாய்க் குழம்பிக் கிடந்தன. திறந்து பார்த்தால்தான் என்னவென்று தெரியும்.

முதலில் மங்கலான படங்கள் வந்தன. ஒன்றில் என் கால் பெருவிரல் மட்டும் இருந்தது. அடுத்ததைத் திறந்தபோது படம் வரவில்லை, கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது. பிறகு வாப்பாவின் குரல்.

வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத வாப்பா, குளித்துக்கொண்டே பழைய காதல் பாட்டொன்றை நெஞ்சுருகப் பாடினார். ஆணுக்குரிய வரிகளைத் தடித்த குரலில் பாடினார். பெண்ணுக்குரியவற்றையும் விடவில்லை, மெல்லிய குரலில் அவரே பாடினார். நடுவில் அதே ராகத்தில், “சவுக்காரம் எங்கே...” என்று இழுத்தார். எங்கோ தூரத்தில் உம்மாவின் குரல், “குளிச்சது போதும், சோறு ஆறுது!” என்றது.

சாச்சா கதிரையிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வாப்பா ஐஸ் கடையிலிருந்து வந்து வாசலில் நின்றதை எவரும் கவனிக்கவில்லை. கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. ராத்தா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வாப்பா கடைசிவரை கேட்டார்.

“ஆரு இத எடுத்த?”

“நான்தான் வாப்பா. ஆனா அப்பவே அழிச்சிட்டன்.”

“ஏன் அழிச்ச?”

“நீங்க ஏசுவீங்க எண்டு...”

வாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “இன்னொருக்காப் போடு” என்றார்.

இரண்டாம் தரம் அவரும் சேர்ந்து பாடினார். பெண்ணுக்குரிய வரி வந்ததும் நிறுத்திவிட்டு உம்மாவைப் பார்த்தார். உம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். எங்கள் வீடு அப்படிச் சிரித்த இன்னொரு நாள் எனக்கு நினைவில்லை.

சாச்சா போனபிறகு, கோப்பை கழுவிக்கொண்டிருந்த உம்மாவிடம் கேட்டேன்.

“அந்தப் பாட்டுக் கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியுமா உம்மா?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“அப்ப குப்பைய ஏன் கேட்டீங்க?”

“என்ன தேவைப்படும் எண்டு அந்த நேரத்துல விளங்காது மகள்.”

உம்மாவுக்குக் கொம்பியூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. புதுசில் இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று விளக்கினேன்.

“ஓம், இடம் இருந்தா நல்லம்தானே” என்றார் உம்மா.

ராத்தாவைவிடச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து ஊரோடு துரத்தப்பட்டு, தோணியில் இந்தக் கரைக்கு வந்தவர் அவர் என்பது எனக்கு அப்போதும் தெரியும். தோணியில் இடமில்லை, தேவையானதை மட்டும் எடு என்று அன்று அவரிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்பதுதான் தெரியாது.