ஷிஃப்ட் மாறாத பைலட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ருக்மணி ஒரு டப்பா பால்கோவாவோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, மொதல்ல வாயத் தொறங்க. நெலத்துக்கு வெல முடிஞ்சிடுச்சி. வர்ற வெள்ளிக்கிழம அட்வான்ஸ் வாங்குறோம். எல்லாம் நீங்க சொன்ன சொல்லுதான்க்கா!"

வாயைத் திறந்தேன். பால்கோவா உள்ளே போனது.

நான் சொன்ன சொல் என்ன என்று உங்களிடம் சொல்லவே கூசுகிறது. ஆனால் இத்தனை காலமாக ஊரார் அசட்டுத்தனங்களை எல்லாம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கூசாமல் எழுதியவள் நான். என் முறை வரும்போது மட்டும் நழுவினால் எப்படி?

என் மகன் பிரபு பைலட். எங்கள் புதுவாயல் பக்கத்தில் ஒரு பையன் டிப்ளமா முடித்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டுக்குள் நுழைவான். அதுதான் வழக்கம். அப்படிப்பட்ட தெருவிலிருந்து ஒருத்தன் விமானம் ஓட்டப் போனால், பெற்றவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வராதா? வந்தது. 'பைலட் அம்மா' என்று யாராவது கூப்பிட்டால் முதல் தரம் காது கேட்காதது போல இருப்பேன் – இன்னொரு தரம் கூப்பிடட்டுமே என்று!

சில மாதங்களுக்கு முன்னால் அவனுடைய விமானக் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. எரிபொருள் விலை ஏற்றம், காலி சீட்டுகள்... பாதி விமானங்கள் தரையில் நின்றன. விமானம் பறக்கவில்லை என்றால் பைலட் எதற்கு?

கம்பெனி இரண்டு வழி சொன்னது. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வேலை, பாதிச் சம்பளம். அல்லது ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு – விருப்பப்பட்டவர்கள் எழுதிக் கொடுக்கலாம். போதுமான பேர் முன்வராவிட்டால், சீனியாரிட்டியில் கடைசியில் இருப்பவர்களை அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரபு கடைசியில் இல்லை. கம்மென்று இருந்திருந்தால் பாதிச் சம்பளமாவது வந்திருக்கும். இவனோ லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றான்.

"ஒருத்தர் லீவு எடுத்தா கீழ ஒருத்தன் தப்பிப்பாம்மா. என்கூட பறக்குற ஜூனியர் ஒருத்தன், பொண்டாட்டி நெறமாசம். எனக்குக் கல்யாணமே ஆவல. நான் தாங்குவேன்" என்றான்.

"ஊருக்கு உபகாரம் பண்ணவாடா உன்னப் பெத்தேன்?" என்று கத்தினேன். என் கவலை சம்பளத்தைப் பற்றி இல்லை. அவன் அப்பா பென்ஷனில் வீடு ஓடும். என் கவலை எல்லாம் தெருவைப் பற்றித்தான்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு வசதி உண்டு. பட்டப்பகலில் ஆண்பிள்ளை லுங்கியோடு வாசலில் நின்று பல் தேய்த்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எல்லாம் ஷிஃப்ட் வேலைக்காரர்கள்.

"தம்பிக்கு நைட்டா?" என்றாள் ருக்மணி.

"ஆமா... நைட் ஃப்ளைட்" என்றேன்.

அவளே எடுத்துக் கொடுத்த பொய். எவ்வளவு சுலபம்! ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். கம்பெனித் தெருவில் ஷிஃப்ட் என்றால் அது மாறியாக வேண்டும். கொஞ்ச நாள் கழித்து ருக்மணி மதில் மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, தம்பிக்கு ஷிஃப்டே மாறலியே? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?"

அக்கறையாகத்தான் கேட்டாள். அடுத்த பொய் தானாக வந்து விழுந்தது.

"புதுசா சேர்ற பைலட்டுங்களுக்கு ஊட்லருந்தே கம்ப்யூட்டர்ல ட்ரெயினிங் குடுக்குறான். ஆளே பத்தலியாம்! எடுத்துக்கினே இருக்காங்களாம்!"

அந்தக் கடைசி வாக்கியம் எதற்கு? 'ட்ரெயினிங்' என்பதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? தலைக்கனம் அரைகுறையாகப் பொய் சொல்ல விடுமா...

ருக்மணியின் மகள் சுவாதி ப்ளஸ் டூ முடித்தவள். பிரபுவைப் பார்த்துப் பார்த்து, 'நானும் பைலட் ஆவேன்' என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். அவள் அப்பா ஏழுமலை ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. அவர்களுக்கு என்று இருப்பது கிராமத்தில் ஒரு துண்டு நெல் நிலம். வருடம் முழுக்க அவர்கள் சாப்பிடும் அரிசி அதிலிருந்துதான். 'ஆளே பத்தலை' என்ற என் ஒரு வார்த்தையை நம்பி, மகளைப் பைலட் படிப்பில் சேர்க்க அதைத்தான் விற்கக் கிளம்பிவிட்டார்கள்.

அதற்குத்தான் அந்தப் பால்கோவா.

பிரபு அன்று வீட்டில் இல்லை. பறக்காவிட்டாலும் பைலட் லைசென்ஸ் உயிரோடு இருக்க மெடிக்கல் செக்கப் வேண்டுமாம். சென்னைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்த பிறகும் நான் சொல்லவில்லை. 'அவள் படித்து முடிப்பதற்குள் நிலைமை சரியாகிவிடாதா? நிலம் விற்பது அவர்கள் இஷ்டம்தானே?' – சமையலறையில் நின்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். ஒவ்வொரு தடவையும் நானே ஜெயித்தேன். தூக்கம்தான் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுவாதி நேராகப் பிரபுவிடமே வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க ட்ரெயினிங் குடுக்குறீங்கல்ல... அதுல பொண்ணுங்களும் இருக்காங்களா?"

"இன்னா ட்ரெயினிங்?"

"உங்கம்மாதான் எங்கம்மாட்ட சொன்னாங்க... அந்தப் பேச்ச நம்பிதான் நாளைக்கு நெலத்துக்கு அட்வான்ஸ் வாங்குறோம்."

பிரபு என்னைத் திரும்பிப் பார்த்தான். பெற்ற பிள்ளை அப்படிப் பார்க்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. மெதுவான குரலில், "ம்மா, நீ போய் சொல்றியா... நான் போவட்டுமா?" என்றான்.

நான்தான் போனேன். ஏழுமலை வேலை முடிந்து வந்து தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அங்கேயும் சுற்றி வளைத்தேன்.

"ருக்கு... இந்தப் பைலட் படிப்பு இப்ப வேணாமே. நெலத்த அவசரப்பட்டு வித்துடாதீங்க..."

ருக்மணியின் முகம் மாறியது.

"இன்னாக்கா இது? அன்னிக்கு ஆளே பத்தலன்னீங்க. எங்க பொண்ணுன்ன ஒடனே வேணாமா? உங்க ஊட்டுப் புள்ள மட்டும்தான் பறக்கணுமா?"

பொறாமை என்று நினைத்துவிட்டாள். வேறு எப்படி நினைப்பாள், சொல்லுங்கள்? பின்னாலேயே வந்திருந்த பிரபுதான் பேசினான்.

"ஆன்ட்டி, அம்மா சொன்னது பொய்யி. இப்ப யாரையும் எடுக்கல. இருக்கறவங்களயே ஊட்டுக்கு அனுப்புறாங்க. நானே சம்பளம் இல்லாம லீவுலதான் இருக்கேன்."

ஏழுமலை டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"லே-ஆஃபா தம்பி?"

"அந்த மாதிரிதான். நானாதான் கேட்டு வாங்குனேன்."

"ஏண்ணா?" என்றாள் சுவாதி.

ஜூனியர் பையனைப் பற்றி இரண்டே வரியில் சொன்னான். ஏழுமலை எழுந்தார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து, தோளில் இருந்த துண்டால் துடைத்துப் பிரபுவுக்குப் போட்டார். "உக்காரு தம்பி" என்றார்.

எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"மொதல்ல ஒரு டிகிரி முடிச்சிடு. ஃப்ளையிங் ஸ்கூல் எங்கயும் போயிடாது. நெலம் போனா வராது" என்று பிரபு சுவாதியிடம் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. புரோக்கருக்கு ஏழுமலை அங்கேயே போன் போட்டு 'இப்ப வேணாம்' என்று சொல்லிவிட்டார்.

வாசலில் ருக்மணி என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வருசம் எங்காளுக்கு லே-ஆஃப் குடுத்தப்போ மொதல்ல உங்களாண்டதானேக்கா வந்து அழுதேன்? நான் மறைச்சனா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "தம்பி பண்ணது எவ்ளோ பெரிய விசயம். அத்தப் போயா மறைப்பாங்க?" என்றாள்.

அடுத்தவன் வேலையைக் காப்பாற்றத் தன் சம்பளத்தை விட்டவன் என் பிள்ளை. தெரு முழுக்க டமாரம் அடித்திருக்க வேண்டிய சேதி அது. அதைத் திருட்டுச் சாமான் போல ஒளித்து வைத்துவிட்டு, பொய்யைப் போய் டமாரம் அடித்திருக்கிறேன். வேலை இல்லாமல் வீட்டில் இருப்பதில் என்ன கேவலம்? இந்தத் தெருவில் அது எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? கேவலம் என்னிடம்தான் இருந்தது. அவனிடம் இல்லை.

ருக்மணி இன்னும் என்னோடு பேசுகிறாள். நல்ல மனுஷி. மதில் மேல் எட்டிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், கறிவேப்பிலை கேட்கிறாள். ஆனால் முக்கியமாக ஏதாவது தெரிய வேண்டும் என்றால் மட்டும் இப்படித்தான் ஆரம்பிக்கிறாள்:

"தம்பி இருக்குதாக்கா?"