வயிற்றைப் பிய்த்தால்தான் தெரியும்

ஆர்டிஸ் டோல்லஃப்சனின் தேன்பெட்டிகள் அத்தனையும் தம்பி வெண்டெலுடைய கிரான்பெரிப் பழ வயலோரம்தான் இருந்தன. பள்ளிப் பேருந்து ஓட்டிக் கிடைப்பதோடு அந்தத் தேனும் சேர்ந்தால்தான் அவளுக்கு அடுப்பெரியும். விஸ்கான்சின் சதுப்பில் வயல் பூத்துக் கிடந்த ஒரு காலையில் ஊருக்கே பூச்சி பார்த்துச் சொல்லும் அவள் கதவை வெண்டெல் உதைத்துக்கொண்டு வந்தான்.

வயலில் வைத்த பொறியின் பசையில் ஒட்டியிருந்த அந்துப்பூச்சியைக் கட்டைவிரலால் வழித்தெடுத்திருந்தான், மடையன்! பழுப்பு இறக்கையில் அடையாளமென்று இருப்பதே இரண்டு மங்கல் புள்ளி. அதுவும் அவன் விரலோடு போய்விட்டது.

"காய் துளைக்கிற பூச்சி. இன்னிக்கே மருந்தடிக்கிறேன்."

"பூவுல என் தேனீ மேயுதுடா! புல்லு தின்னுற பூச்சியும் அச்சு அசலா இப்படித்தான் இருக்கும். வயித்தைப் பிச்சு, காஸ்டிக் சோடாத் தண்ணியில வேகவெச்சு, உள்ள அதோட ஆண்குறியைப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்."

"தூ! பாக்குற வேலையைப் பாரு. எப்படியும் பொய்தானே சொல்லப்போற?"

வாணலியை எடுத்து அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள். பல் தெறித்தது. அவன் அவள் வலக்கையை முறுக்கிக் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினான். மணிக்கட்டு மடக்கென்றது.

அலறி முடித்தவள், இடக்கையாலேயே பூச்சியின் வயிற்றைக் கிள்ளி வேகவைத்தாள். அவன் ரத்தம் துப்பிக்கொண்டு நின்றான். மைக்ரோஸ்கோப்பில் குறியின் இரட்டைக் கொக்கி தெளிவாகத் தெரிந்தது. காய் துளைப்பதேதான்.

பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எத்தனையோ வருஷமாகப் பூச்சி பார்க்கிறவள், தெரிந்தே ஒன்றுக்குப் பேர் மாற்றிச் சொன்னதில்லை. இப்போதும் வரவில்லை, பாவிக்கு.

"நீ சொன்னதுதான். அடிச்சுக்கோ. பெட்டிகளைத் தூக்கினப்புறம்."

"தூக்கிக்கோயேன், யாரு வேணாங்கிறா?"

வீங்கிய கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எந்தக் கையால?"

அவனுக்கு முகம் செத்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே தேனீ என்றால் ஓடுகிறவன். ஆனாலும் தேனீக்கள் கூடடைந்த சாயங்காலத்தில் வந்து நின்றான். பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினான். கழுத்திலும் கண்ணிமையிலும் மொய்த்துக் கொட்டின.

"அக்கா, புகை போடுக்கா! செத்துருவேன்க்கா!"

தேனீயை அடக்கும் புகைக் குடுவை அவள் காலடியில்தான் புகைந்துகொண்டிருந்தது. இடக்கை நன்றாகத்தான் இருந்தது. கொட்டட்டும், நல்லாக் கொட்டட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பதமாத் தூக்குடா, உள்ள ராணி இருக்கு" என்றாள்.