கேட்டுக்கு எதிரே நின்ற மேடம்

ஒரு திங்கட்கிழமை காலை, கல்லூரி வேலைவாய்ப்பு அறையில் உட்கார்ந்து பதினோரு மாணவிகளின் பெயர்களைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டியலின் கீழே சகாயமேரி மேடம் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பொம்மிடியில் ரயில் ஏறி, மொரப்பூரில் இறங்கி, பஸ் பிடித்து ஒன்பதரைக்குள் வந்து நிற்கிற ஆள் பத்தேகால் ஆகியும் வரவில்லை. போன் செய்தேன். அவருடைய கணவர் எடுத்தார். "காலைல நெஞ்சு அடைக்குதுன்னாங்க சார். ஆட்டோவுல ஏத்துனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்க" என்றார்.

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மேடத்தைப் பற்றி ஒப்புக்கு எழுதினால் அவருக்கே பிடிக்காது. முதலில் வந்தது பயம். ஐயோ, இந்தப் பதினோரு பேருக்கும் இனி நான்தானே கையெழுத்துப் போட வேண்டும் என்ற பயம். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை மத்தியானம்தான் வந்தது.

மேடத்திடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அந்தக் கையெழுத்து என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியர், வேலைவாய்ப்பு மையத்தின் பொறுப்பாளர். நான் ஆங்கிலத் துறை. நான்கு வருடமாக மையத்தில் அவருக்குத் துணை. கம்பெனிக்காரர்கள் வந்து நேர்காணல் நடத்தி ஆள் எடுப்பார்கள். அதற்குப் பிறகு, இன்னின்ன மாணவர்களை இந்த நிறுவனத்துக்கு அனுப்பச் சம்மதிக்கிறோம் என்று கல்லூரி ஒரு கடிதம் கொடுக்கும். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பொன்றும் கிடையாது. ஆனால் கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு அப்பா தன் மகளைப் பெட்டியோடு ரயில் ஏற்றுவது அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான். "காலேஜே சொல்லுது, போ" என்பார். காலேஜ் என்றால் மேடம்தான்.

கடைசி வருடத்துப் பிள்ளைகளுக்கு எதிர்காலத் திட்டமிடல் என்று வாரம் ஒரு வகுப்பு உண்டு. அதற்கென்று ஒரு அச்சடித்த படிவமும் உண்டு. ஐந்து வருடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது அதில் முதல் கேள்வி. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "அரசுப் பணி" என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேடம் ஒரு பையனை எழுப்பினார்.

"குரூப் ஃபோர் எழுதப் போறேன் மேடம்" என்றான்.

"வந்தா எனக்கும் சந்தோஷம்டா கண்ணு. வர்ற வரைக்கும்?"

"படிப்பேன் மேடம்."

"எங்க ஒக்காந்து படிப்பே? ரெண்டாவது தடவையும் வரலைன்னா வூட்ல என்ன சொல்லுவாங்க? கேட்டு வச்சிருக்கியா?"

பையன் திருதிருவென்று முழித்தான். வகுப்பு சிரித்தது. "சிரிக்காதீங்க, அடுத்தது உங்களத்தான் கேக்கப் போறேன்" என்றார். பிறகு ஐந்து வருடத்தை விட்டுவிட்டு, வேலைக்குப் போனால் முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று மட்டும் எழுதச் சொன்னார். எங்கே தங்குவாய், காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவாய், பிடிக்கவில்லை என்றால் எப்படித் திரும்பி வருவாய். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல வேண்டிய வகுப்பில் இந்த அம்மா பீதியைக் கிளப்புகிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. தான் நேரில் பார்க்காத கம்பெனிக்கு மேடம் யாரையும் அனுப்ப மாட்டார். பார்ப்பது என்றால் உள்ளே போய் ஏசி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு வருவது இல்லை. சொந்த லீவில், சொல்லாமல் கொள்ளாமல் போவார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்று, வெளியே வருகிறவர்களின் முகங்களைப் பார்ப்பார். யாராவது ஒரு பெண்ணை நிறுத்தி, "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்பார். ஒருமுறை ஓசூர்ப் பக்கம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். "என்னங்க மேடம் பாக்கறோம்?" என்று கடுப்பாகக் கேட்டேன். "வர்ற பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டு வருதுங்களான்னு பாருங்க சார். வாயே தொறக்காம வந்தா நமக்கு வேண்டாம்" என்றார். ஆசிரியர் அறையில் அவருக்குச் சிஐடி மேடம் என்று ஒரு பெயர் உண்டு. வைத்த புண்ணியவான் நான்தான்.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு நாள் சொன்னார். மொரப்பூர் ஸ்டேஷனில் சாயங்கால ரயிலுக்குக் காத்திருந்தோம். பொறுப்புக்கு வந்த புதிதில், வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த படங்களை நம்பி, ஒரு கம்பெனிக்கு ஆறு மாணவிகளை அனுப்பியிருக்கிறார். அதில் ஒருத்தி சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து படித்தவள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் வெளியே விடவில்லை. அப்பா தேடிப் போய் அழைத்து வந்தபோது அவள் பேசுவதையே குறைத்துவிட்டிருந்தாள். மகளை மலையில் விட்டுவிட்டு அந்த மனிதர் நேராகக் கல்லூரிக்கு வந்தார். சண்டை போட இல்லை. வாத்தியாரம்மாவைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பையில் சாமை அரிசி வேறு கொண்டுவந்திருந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதானுங்க அனுப்புனோம். இனி அந்தப் புள்ளைய என்ன பண்றதுன்னும் நீங்களே சொல்லுங்க" என்றாராம்.

"திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். அந்தாளு என்கிட்ட வழி கேட்டாரு" என்று சொல்லிவிட்டு மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரயில் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் போன வருடம் அவரோடு பெரிய சண்டை போட்டேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு நிறுவனம் எங்கள் பிள்ளைகள் நான்கு பேரை எடுத்தது. மேடத்துக்கு அப்போது டைபாய்டு. போய்ப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் கையெழுத்தும் போடவில்லை. கெடு முடிந்து அந்த நிறுவனம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டது. அங்கிருந்து சேர்ந்தவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். எங்கள் நான்கு பேரில் மணிகண்டன் என்கிறவன் அரூரில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

"உங்க பயத்துக்குப் பிள்ளைங்க ஏன் மேடம் பலியாகணும்?" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்பும் கேட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுப்பவும் பயமா இருக்கு, அனுப்பாம இருக்கவும் பயமா இருக்குங்க சார். என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றார்.

அவர் படுத்திருந்தபோதே, உங்களுக்குக் காய்ச்சல்தானே, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப் போட்டதில் ஒரு வருடம் ஓடிவிட்டது. இனி யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை சாயங்காலமே அடக்கம். பொம்மிடி போயிருந்தேன். மாதா கோயில் வளாகம் முழுக்கப் பழைய மாணவர்கள். கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்து ஒருவன் நின்றிருந்தான். "நான் வேலைல சேந்த மூணாம் நாள் மேடம் போன் பண்ணாங்க சார். சம்பளம், புரமோஷன்லாம் ஒண்ணும் கேக்கல. அங்க கக்கூஸ் சுத்தமா இருக்கான்னு கேட்டாங்க" என்றான். சொல்லிச் சிரித்தவன் அப்படியே தேம்பி அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள லெட்டர் போயாகணும். பதினோரு பேரு சார், விட்றாதீங்க. இந்த வருசம் நமக்கு இதுதான் பெருசு" என்றார். மேடத்தின் கோப்பைப் பிரித்தேன். அந்தக் கம்பெனியின் பெயருக்கு நேரே பென்சிலால் "இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மொரப்பூரில் ரயில் ஏறினேன்.

சென்னைக்கு வெளியே, வரிசையாகத் தொழிற்சாலைகள் இருக்கும் ஒரு சாலை. எதிரே டீக்கடை இருந்தது. ஷிப்ட் விடும் நேரத்தில் கேட் திறந்தது. ஒருவர்கூட நடந்து வரவில்லை. நான்கு பஸ்கள் வந்தன, எல்லாவற்றிலும் ஜன்னல் திரைகள் இழுத்து விடப்பட்டிருந்தன. பஸ்கள் நேராக விடுதிக்குப் போவதாகக் கடைக்காரர் சொன்னார். "பஸ்ல வருதுங்க, பஸ்ல போவுதுங்க. ஒரு பொண்ணுகூட இங்க வந்து டீ குடிச்சு நான் பாத்ததில்ல சார்" என்றார். கடைசி பஸ்ஸில் ஒரு திரை கொஞ்சம் விலகியிருந்தது. ஒரு பெண் என்னைப் பார்த்தாள். களைப்பா, பயமா, வெறுமனே வேடிக்கை பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை. மேடமாக இருந்தால் கண்டுபிடித்திருப்பார். பாதுகாப்புக்காகத்தான் பஸ் விடுகிறார்களோ என்னவோ. அதுவும் தெரியவில்லை. வயசு நாற்பத்தாறு எனக்கு, ஒரு கேட்டைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை.

வியாழக்கிழமை பதினோரு பேரையும் கூப்பிட்டு, நேரில் போயும் என்னால் எதையும் தெரிந்துகொள்ள முடியாத அந்தக் கம்பெனிக்குக் கடிதம் கொடுக்கப் போவதில்லை என்று சொன்னேன். பத்துப் பேர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சத்யா மட்டும் நின்றாள். கம்பைநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம், பி.காம் கடைசி வருடம், வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"இந்த வேலை இல்லைன்னா எனக்கு ஆவணில கல்யாணம் சார். அப்பா பேசி முடிச்சிட்டாரு. வேலைக்கு லெட்டர் வந்தா ரெண்டு வருசம் தள்ளிப் போடறேன்னாரு."

"மாப்பிள்ளை யாரும்மா?"

"தரகர் போட்டோ காட்டுனாருங்க சார். நல்ல குடும்பம்னு சொல்றாங்க." கிளம்பப் போனவள் திரும்பினாள். "கம்பெனிய நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வேண்டாங்கறீங்க. அந்த வூட்ட எங்க வூட்ல ஒருத்தருமே போய்ப் பாக்கலீங்க சார்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

மேடம் எனக்கு விட்டுப் போயிருப்பது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருடைய கோப்புகள் இருக்கின்றன, அந்த நாற்காலி இருக்கிறது. ஆனால் என்னோடு வீடு வரைக்கும் வருவது அவருடைய பயம் ஒன்றுதான். அதைக் கிண்டல் செய்தேன், அதோடு சண்டை போட்டேன். இப்போது அது என் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் போய்விடக்கூடாதே என்றும் பயமாக இருக்கிறது.

சத்யாவிடம் அந்த மாப்பிள்ளை ஊரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் அப்பாவோடு பேசுகிறேன் என்றேன். அவர் கேட்பாரோ மாட்டாரோ, சனிக்கிழமை நானே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை. கம்பெனி என்றால் அதற்கு ஒரு ஷிப்ட் உண்டு, கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். ஒரு வீட்டுக்கு எதிரே எங்கே போய் நிற்பது, மேடம்?